சோக்கேஸ் சாவியும் ஐந்து துவக்கும்

எங்கள் வீட்டுக்கார அங்கிளிடம் பழைய துப்பாக்கிகள் பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு பெரிய கிளாஸ் நிறையச் சோடா வரும். ஐஸ் போட்டு, விளிம்பு வரை தளும்பத் தளும்ப. வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாங்கும்வரை நீட்டிக்கொண்டே நிற்பார். எங்காவது வைக்கலாம் என்று பார்த்தால் அருகில் மேசை இருக்காது. ஆக, வந்தவரின் ஒரு கை சோடாவுக்குப் போய்விடும். மிச்சம் இருக்கிற ஒரு கையால்தான் துவக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒற்றைக் கையால் ஒருவர் என்னத்தைக் களவெடுப்பார்?

இதைக் கண்டுபிடிக்க எனக்கு மாதக்கணக்கில் பிடித்தது. அதுவரை, வந்தவுடனே குடிக்கத் தருகிறாரே, என்ன அருமையான மனுசன் என்று உருகிக்கொண்டிருந்தேன். விளங்கிய அன்றைக்கே நேரே போய்க் கேட்டேன். மனதில் வைத்திருந்து புழுங்குகிற பழக்கம் எனக்கில்லை.

"அங்கிள், இந்தச் சோடா அன்புக்கோ, காவலுக்கோ?"

"ரெண்டுக்குந்தான் மகள்," என்றார் சிரிக்காமல். "கடையில அப்படித்தான் பழகினோம். நகை பாக்க வர்றவங்க தாகத்தோட இருக்கக் கூடாது. ரெண்டு கையும் சும்மாவும் இருக்கக் கூடாது."

கடை என்றால் கொழும்புச் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை. இளந்தாரியாகப் போய் அங்கே நின்றவர், தலை முழுக்க வெளுத்த பிறகுதான் வெளியே வந்தார். முதலாளி கடையை மூடிக்கொண்டு இந்தியாவுக்குப் போனபோது, மற்றவர்கள் தங்கள் சேவைக்குக் காசாகக் கேட்டதை அங்கிள் சோக்கேஸாகக் கேட்டாராம். தேக்குச் சட்டம், தடித்த கண்ணாடி, உள்ளே சிவப்பு வெல்வெட். அதைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்து, தன் வீட்டு முன்கூடமான ஹோலின் சுவரில் போல்ட் போட்டு இறுக்கி, வளையலும் அட்டியலும் இருந்த இடத்தில் துவக்குகளை அடுக்கினார்.

எல்லாமாக ஐந்து. ஒன்று ஆள் உயரத்துக்கு நீளமானது. ஒன்றின் கட்டையில் வெள்ளியால் கொடி ஓடியிருக்கும். ஒன்று கட்டை குட்டையாக, வாய் மட்டும் நாதஸ்வரம் போல விரிந்தது. மற்ற இரண்டும் கைத்துப்பாக்கிகள், அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகள். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். தோட்டத்துப் பங்களாக்களில் கிடந்து கைமாறி வந்தவை. அவர் ஒருநாளும் துவக்கு என்றோ துப்பாக்கி என்றோ சொன்னதில்லை. "உருப்படி" என்பார். ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் ஒரு சின்ன அட்டை தொங்கும். அதில் என்ன எழுதியிருக்கும் என்கிறீர்கள்? எடை! கிராம் கணக்கில்! எடை தெரியாத சாமானை வீட்டில் வைத்திருப்பது அவருக்கு மரியாதைக் குறைவு.

நானும் என் புருஷனும் வீடு பார்க்கப் போன நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு வங்கியில் கொழும்புக்கு மாற்றம் வந்திருந்தது. மேல் மாடி வாடகைக்கு என்று தரகர் கூட்டிக்கொண்டு போனார். படியேற வேண்டுமென்றால் அவர்களுடைய ஹோலுக்குள்ளால்தான் போக வேண்டும். உள்ளே கால் வைத்தேன். எதிரே சுவர் முழுக்கத் துவக்கு! இவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

"வாங்கோ போவம். எங்களுக்கு உந்த வீடு வேண்டாம்."

"கொஞ்சம் பொறும், வாடகை குறைவு," என்றார் இவர்.

"உயிரும் குறைவாத்தான் போகும்!"

அதற்குள் அங்கிள் இரண்டு கிளாஸ் சோடாவோடு வந்துவிட்டார். அரைமணி நேரம் காட்டினார். முதலில் நீளமானதை எடுத்தார், காட்டினார், உள்ளே வைத்தார், கண்ணாடிக் கதவை மூடினார். பிறகுதான் அடுத்தது. ஒன்று உள்ளே போகாமல் மற்றது வெளியே வராது. அதுவும் கடைப் பழக்கம்தான். ஒவ்வொன்றையும் வெல்வெட் தட்டில் வைத்து, தாலிக்கொடி காட்டுகிற மாதிரிக் குனிந்து, "இந்தப் பூவேலையப் பாருங்க, இப்ப எவனால செய்ய முடியும்?" என்று கேட்டார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இவர்தான் கடைசியில், "இவ்வளவு விலையான சாமானை இப்படி ஹோலில வைக்கலாமோ? உள்ளுக்கு எங்கையாவது பூட்டி வைக்கலாமே," என்று கேட்டார்.

"பூட்டி வைக்கிறதுக்கு எதுக்குங்க சாமான்? அதுக்கு ஒரு செங்கல்லப் பூட்டி வைக்கலாமே," என்றார் அங்கிள்.

காட்ட வேண்டும், ஆனால் போகக் கூடாது. அந்த மனுசனின் வாழ்க்கையே இதற்குள் அடங்கியிருந்தது. இதற்காக அவர் செய்து வைத்திருந்த ஏற்பாடுகள் கொஞ்சமல்ல. துவக்கு ஒவ்வொன்றிலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றி வங்கி லொக்கரில் வைத்திருந்தார். "திருகாணி இல்லாத காதுத் தோட்ட எவன் மகள் தூக்கிட்டுப் போவான்?" என்பார். வருகிறவர்கள் போனில் படம் பிடிக்கலாம்; ஆனால் உருப்படியை மட்டும்தான். சோக்கேஸ் பூட்டோ, ஜன்னலோ, வாசலோ படத்தில் விழுந்தால் கிட்டப் போய், "அத அழிச்சிருங்க தம்பி" என்று தோளில் கை போட்டுக்கொண்டே அழிப்பித்துவிடுவார்.

எல்லாவற்றையும் விடப் பெரியது அந்த நிலைக்கண்ணாடி. நகைக்கடையில் வாடிக்கையாளருக்குப் பின்னால் மாட்டியிருந்ததாம். அதைக் குசினி வாசலுக்குப் பக்கத்தில், ஒரு சரிவாக மாட்டியிருந்தார். குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றாலும், பின்பக்கத்துக் குழாயடியில் நின்றாலும் அதில் ஹோல் முழுக்கத் தெரியும். அங்கிளின் மனைவி அன்ரி மீன் வெட்டிக்கொண்டே துவக்குகளைப் பார்த்துக்கொள்வார். இந்தக் காலத்தில் கமெரா பூட்டலாமே என்று இவர் சொன்னதற்கு அங்கிளின் பதிலை மறக்க முடியாது.

"கமெரா போன சாமானைக் காட்டும். கண்ணாடி போற சாமானைக் காட்டும்."

கொச்சிக்கடைக் கோயிலில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டருக்குப் பிறகுதான் அங்கிளை நான் உண்மையாக அறிந்தேன். ஊரே செத்துப் போயிருந்தது. எங்கள் ஒழுங்கையிலேயே, மூன்று வீடு தள்ளிச் செத்தவீடு. அதோடு வீடு வீடாகச் சோதனை. சனம் பயத்தில் தேங்காய் உடைக்கிற கத்தியைக்கூடக் கால்வாயில் எறிந்தது. கீழே ஐந்து துவக்கு, மேலே யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு நாங்கள் இரண்டு பேர். ஓடிப்போய்க் கெஞ்சினேன்.

"அங்கிள், கடவுளாணை, கொஞ்ச நாளைக்கு எங்கையாவது ஒளிச்சு வையுங்கோ. கட்டிலுக்குக் கீழயாவது தள்ளுங்கோ."

"மகள், செவத்துல இருந்தா அது சாமான். கட்டிலுக்குக் கீழ போனா அது ஆயுதம்," என்றார். சோக்கேஸின் விளக்குகள் எல்லாவற்றையும் போட்டார். லைசன் பத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டு உட்கார்ந்தார்.

வந்தார்கள். இரண்டு இராணுவத்தினரும் ஒரு பொலிஸ் அதிகாரியும். நான் படியில் நின்று எட்டிப் பார்த்தேன். அங்கிளோ எழும்பி, "என்ன மாத்தயா, வாடிவென்ன" என்று சிங்களத்தில் உபசரித்து உட்காரச் சொல்லி, அந்தப் பிள்ளைகளின் கையிலும் சோடாவைத் திணித்துவிட்டார். ஒரு கையில் தங்கள் துவக்கு, மறு கையில் அங்கிளின் சோடா. பாவங்கள், குடிக்கவும் தெரியாமல் வைக்கவும் தெரியாமல் நின்றதுகள். அதிகாரி ஒவ்வொரு துவக்கையும் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்தார். போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். "ஏகக் நெதிவுனொத் ஒக்கொம கன்னவா." ஒன்று காணாமல் போனால் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம் என்று. அங்கிள் "ஹரி மாத்தயா" என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் சிரிப்பு இருக்கவில்லை. அது அவருக்கு விழுந்த ஒரே அடி என்று நினைக்கிறேன்.

இவ்வளவு கெட்டிக்காரர் வருஷத்தில் ஒரு நாள் பைத்தியக்காரர் ஆகிவிடுவார். அது ஆயுத பூசை.

அன்றைக்குச் சோக்கேஸைத் திறந்து உருப்படிகள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார். பழைய நகைத் தராசுக்கும் பொட்டு. அன்ரியின் தையல் மெஷினுக்கும் பொட்டு. என் புருஷனின் லப்டொப்பைக்கூட விடவில்லை. இதெல்லாம் சரி. ஆனால் சோக்கேஸ் சாவியையும் பித்தளைத் தட்டில் வைத்து அம்மன் படத்துக்கு முன்னால் பூசைக்கு வைத்துவிடுவார். பூசைக்கு வைத்த சாமானை விடியும்வரை தொடக் கூடாது. தொடக் கூடாதென்றால் சோக்கேஸை எப்படிப் பூட்டுவது? பூட்ட முடியாது. அது விடியும்வரை திறந்தேதான் கிடக்கும்!

"அங்கிள், பூட்டைக் கும்பிடுங்கோ. சாவியை விடுங்கோ," என்று ஒவ்வொரு வருஷமும் சண்டை பிடிப்பேன்.

"பூட்டு சும்மா தொங்குது மகள். வேல செய்றது சாவி. எனக்குச் சோறு போட்டது அது. அதுக்கு ஒரு நாள் லீவு குடுக்கலேன்னா நான் மனுசனா?"

மனுசன் சோடா கொடுத்துக் காவல் காக்கிறவர், அந்த ஒரு நாள் மட்டும் காவலை அம்மனிடம் கொடுத்துவிடுவார்.

நான் சொல்லப்போவது அப்படி ஒரு பூசைக்கு அடுத்த நாள் நடந்தது. மழைக்காலம். முதல் நாள் பின்னேரம் ஹோல் நிறைய ஆட்கள். அக்கம்பக்கம், அங்கிளோடு முந்தி கடையில் நின்றவர்கள், வழமையாக வரும் ஓட்டோக்காரர், ஹெந்தளையிலிருந்து அன்ரியின் தம்பி. இந்தத் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த இரட்டைக் கைத்துப்பாக்கிகள் அன்ரியின் அப்பாவுடையவை. அவர் மலைநாட்டில் ஒரு தோட்டத்துக் கந்தோரில் தலைமைக் கிளாக்கராக இருந்தவர். ஊரை விட்டுப் போன வெள்ளைக்காரத் துரை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனவை. அன்ரியின் கலியாணத்தோடு அவை அங்கிளிடம் வந்தன. அப்பாவின் ஞாபகத்துக்கு ஒன்றையாவது தாருங்கள் என்று தம்பி வரும்போதெல்லாம் கேட்பார். "ஜோடியப் பிரிக்கக் கூடாது மச்சான். காதுத் தோட்டுல ஒண்ண அக்காவுக்கும் ஒண்ணத் தங்கச்சிக்கும் எவனாவது குடுப்பானா?" என்று அங்கிள் மறுத்துவிடுவார். தம்பியின் முகம் சுருங்கும். அன்ரி இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தேத்தண்ணி ஊற்றுவார்.

பூசை முடிந்து கடலை வாங்கிக்கொண்டு எல்லோரும் போனார்கள். தம்பி வாசலில் நின்று குடையை விரித்த விரிப்பில் தண்ணீர் முழுக்க என் சீலையில் தெறித்தது. நான் ஒரு முறை முறைத்தேன்.

அடுத்த நாள் விடிய, அன்ரிக்கு முழங்கால் ஏலாதென்பதால் ஹோலை நான்தான் கூட்டினேன். கூட்டுவதில் எனக்கு ஒரு திமிர் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நான் கூட்டின நிலத்தில் சோறு போட்டுச் சாப்பிடலாம். பூசைப் பூவைக் காலில் மிதிபடக் கூடாதென்று கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு மட்டைப் பெட்டியில் போட்டு மூலையில் வைத்தேன். அங்கிள் குளித்துவிட்டு வந்தார். சாவியைக் கண்ணில் ஒற்றி எடுத்தார். சோக்கேஸ் பக்கம் திரும்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

கைத்துப்பாக்கி ஒன்றுதான் இருந்தது. மற்றது கிடந்த இடத்தில் வெல்வெட் பள்ளம்.

அன்ரி "ஐயோ" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் சோபாவைப் புரட்டினேன், பாயை உதறினேன். பூப்பெட்டியை நிலத்தில் கொட்டிக் கிளறினேன், திரும்பவும் அள்ளிப் போட்டேன், மனம் கேளாமல் இன்னொரு தரம் கொட்டிப் பார்த்தேன். இல்லை.

"கற்பூரம் காட்டேக்க எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நிண்டம். அப்பதான் எடுத்திருக்கினம்," என்றேன். "அங்கிள், உடனே பொலிசுக்குப் போங்கோ. பிந்தினா முதலில பிடிக்கிறது மேல்வீட்டு யாழ்ப்பாணத்துக்காரரைத்தான். உங்களுக்குச் சாமான் போகும், எங்களுக்கு மானம் போகும்!"

"போறேன். போகாம இருக்க மாட்டேன். லைசன்ல கையெழுத்துப் போட்டவன் நான்," என்றார். "பன்னெண்டு மணி வரைக்கும் பொறுங்க. வரலேன்னா வேட்டியக் கட்டிக்கிட்டு நானே போயி, சாவிய வச்சது நான்தான்னு சொல்லி எல்லாத்தையும் ஒப்படைச்சிருவேன்."

"பன்னிரண்டு மணிக்கு என்ன, துவக்கு நடந்து வருமோ?"

அப்போது சொன்னார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கடையில மோதிரம் ஒண்ணு காணாமப் போனா முதல்ல கதவச் சாத்தக் கூடாது மகள். சாத்தினா எடுத்தவன் கள்ளனாயிருவான். அப்புறம் அவன் மோதிரத்தக் குடுக்க மாட்டான், முழுங்கிருவான். தெறந்து விட்டா, 'இந்தா கீழ கிடந்துச்சு'ன்னு எடுத்துக் குடுத்துட்டுப் போவான். நமக்கு மோதிரம் வேணுமா, கள்ளன் வேணுமா?"

எனக்குக் கள்ளன்தான் வேண்டும். கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும். ஆனால் சாமான் அவருடையது.

நேற்று வந்த எல்லோருக்கும் போன் எடுத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரே குரல், ஒரே வசனம். "உருப்படி ஒண்ணு எங்கயோ நழுவி விழுந்திருக்கு. நேரமிருந்தா வந்து தேடித் தாங்க." யாரையும் குற்றம் சொல்கிற தொனி இல்லை. ஹெந்தளைத் தம்பிக்கு முதலிலும் எடுக்கவில்லை, கடைசியிலும் எடுக்கவில்லை. நடுவில் எடுத்தார். அன்ரி அந்த ஒரு போனின்போது மட்டும் தலையைக் குனிந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

ஓட்டோக்காரர் வந்து சோபாவுக்குக் கீழே படுத்துத் தேடிவிட்டுப் போனார். கடைக்காரர்கள் இரண்டு பேர் வந்து போனார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. அங்கிள் வெள்ளை வேட்டி கட்டினார், சீப்பால் தலை இழுத்தார், பத்திரங்களை உறையில் போட்டார். பிறகு சோக்கேஸைத் திறந்து, மிச்சமிருந்த நான்கிலும் சந்தனத்தை மெல்லத் துடைத்தார். தனியாகக் கிடந்த அந்தக் கைத்துப்பாக்கியைக் கடைசியாகத் துடைத்தார். அட்டையின் சிவப்பு நூல் முறுகியிருந்தது, அதை நேராக்கிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை பேருக்கு எத்தனை சந்தோஷமாகக் காட்டிய சாமான்! இதெல்லாம் இனி ஏதோ பொலிஸ் அறை மூலையில் கறல் பிடித்துக் கிடக்கப் போகிறதே!

மதியத்துக்குக் கொஞ்சம் முந்தி வாசலில் ஹெந்தளைத் தம்பி. தோளில் ஒரு பை. முழங்கையில் குடை.

"நேத்து என் குடைய விட்டுட்டுப் போயிட்டேன் மச்சான். அதான் எடுத்துட்டுப் போகலாம்னு..."

கையில் குடையை வைத்துக்கொண்டு குடை எடுக்க வந்திருக்கிறார்! என் வாய் தானாகத் திறந்தது. அதற்குள் அங்கிள் முந்திக்கொண்டார்.

"வாங்க மச்சான், ஒக்காருங்க. அந்த உருப்படியையும் கொஞ்சம் தேடிப் பாருங்க. நான் மூஞ்சி கழுவிட்டு வந்துர்றேன். மகள், கொழாயில தண்ணி வருதான்னு பாக்கணும், நீங்களும் வாங்க. உங்க அன்ரியையும் கூட்டிட்டு வாங்க."

குழாயில் தண்ணீர் நன்றாகவே வந்தது. அங்கிள் முகம் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து பார்த்தால் நிலைக்கண்ணாடியில் ஹோல் தெரியும் அல்லவா? ஒரு பக்கமாகச் சரிந்து எட்டிப் பார்க்கப் போனேன். அங்கிள் நிமிர்ந்து குசினி வாசலுக்குப் போனார். தோளில் கிடந்த துவாயை எடுத்து, உலர்த்தப் போடுகிறவர் போல, அந்தக் கண்ணாடியின் மேல் போட்டு மூடினார்.

இத்தனை காலம் அந்தக் கண்ணாடியில் கண் வைத்திருந்த மனுசன்! அன்ரி குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைக்கவும் இல்லை.

"மச்சான்!" என்று ஹோலில் இருந்து சத்தம். "இங்க பாருங்க, இந்தப் பூப்பெட்டிக்குள்ள கிடக்கு!"

போனோம். மட்டைப் பெட்டிக்குள், செவ்வந்திக்கும் செவ்வரத்தைக்கும் நடுவில், மேலாகவே கிடந்தது துப்பாக்கி. தம்பியின் நெற்றி முழுக்க வியர்வை.

"அம்மாடி!" என்றார் அங்கிள். "பூவோட பூவா விழுந்து கிடந்திருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னா மகள், நீங்க நல்லாக் கூட்டலையே? இவ்வளவு பெரிய சாமானையும் சேத்து அள்ளிப் போட்டிருக்கீங்களே!"

எனக்கு உச்சியில் ஏறியது. என்னையா? என் கூட்டலையா? பெட்டியை இரண்டு தரம் கவிழ்த்துக் கொட்டியது இந்தக் கை! "அதெப்படி அங்கிள்..." என்று தொடங்கிவிட்டேன். தொடங்கிய இடத்தில் அன்ரியின் முகத்தைக் கண்டேன். கூடப் பிறந்தவனைக் கள்ளன் என்று சொல்ல இன்னும் ஒரு வசனம்தான் மிச்சம். அந்த வசனம் என் வாய்க்குள் இருந்தது.

"ஓம் அங்கிள்," என்றேன். "விடியப்புறம்தானே, அவசரத்தில கூட்டிப்போட்டன்."

அங்கிள் துப்பாக்கியைத் துடைத்து, எடை அட்டை இருக்கிறதா என்று பார்த்து, ஜோடியோடு வைத்துப் பூட்டினார். தம்பியைச் சாப்பிடாமல் விடவில்லை. சாப்பிட்டு வெளிக்கிட்டபோது, அறைக்குள் போய்த் தன்னுடைய குடையை எடுத்துவந்து நீட்டினார். "இதுதானே நீங்க விட்டுட்டுப் போனது?" தம்பி ஒரு கணம் திகைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வாங்கினார். இரண்டு குடையோடு மழைக்குள் இறங்கிப் போனார்.

நான் மேலே போய் இவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் என்ட தலையில போடவேணும்? ஊர் முழுக்க இனி என்னைக் கூட்டத் தெரியாத ஊத்தைச்சி எண்டெல்லோ சொல்லும்!" ஒரு கிழமை அங்கிளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் ஒன்றும் நடக்காதது போல் "என்னா மகள், வேலைக்கா?" என்று தினமும் கேட்டார். கடைசியில் பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"பழியை உங்கட தலையிலயே போட்டிருக்கலாமே அங்கிள்?"

"எம்மேல போட்டா அவன் நம்ப மாட்டான். இவருக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அப்புறம் இந்த வாசப்படி மிதிக்க மாட்டான். அவளுக்கு இருக்கிறது ஒரே தம்பி," என்றார். "உங்களுக்கு வர்றது கோவம். இந்தா, ஒரு கிழமையில போயிருச்சு. அவனுக்கு வெக்கம் வந்திருந்தா போயிருக்காது மகள்."

இதைச் சொல்லிவிட்டுச் சோக்கேஸ் விளக்கைப் போடப் போய்விட்டார். யாரோ பார்க்க வருகிறார்களாம். அந்த ஆளை என்ன செய்வது? கட்டிப்பிடிப்பதா, கன்னத்தில் இரண்டு போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியான ஒரு மனுசனை நான் அதற்குப் பிறகு காணவில்லை.

பிறகு நாங்கள் வெள்ளவத்தைக்கு மாறினோம். போன வருஷம் அங்கிள் போய்விட்டார். கருமாதிக்குப் போயிருந்தோம். சோக்கேஸில் கிளாஸ்களும் தட்டுகளும் அடுக்கியிருந்தன. நீளமானதையும் மற்ற இரண்டையும் அவர் இருக்கும்போதே முறையாக வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டாராம். அந்த ஜோடி மட்டும் லைசன் மாற்றி ஹெந்தளைக்குப் போயிருந்தது. இரண்டும் சேர்ந்தே.

பந்தியில் எனக்கு எதிரே தம்பி. தலை நரைத்து, ஆள் நன்றாகப் பருத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தன் கைத்துப்பாக்கிகளின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் உற்சாகமாகிவிட்டார்.

"இந்தா இருக்காங்களே, இவங்கதான்! ஒரு நாள் இவங்க வீடு கூட்டின கூட்டுல துப்பாக்கியையே குப்பையோட சேத்து அள்ளிட்டாங்க. நான் மட்டும் வந்து பாக்கலேன்னா மச்சானுக்கு எல்லாமே போயிருக்கும்!"

பந்தியே சிரித்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். கள்ளம் ஒரு பொட்டும் இல்லை. அவரே அதை நம்பத் தொடங்கிப் பல காலம் ஆகியிருக்க வேண்டும். வடைத் தட்டோடு வந்துகொண்டிருந்த அன்ரி நடந்த இடத்திலேயே நின்றுவிட்டார். அங்கிள் இல்லை. அன்றைக்குக் குழாயடியில் நின்றவர்களில் இனி அன்ரியும் நானும்தான்.

"ஓம்," என்றேன். "அண்டைக்கு நான் வடிவாக் கூட்டேல்ல."

அன்ரி வந்து என் இலையில் வடை வைத்தார். பிறகு இன்னொன்று வைத்தார்.